நொச்சிப்பத்து வாமடை

நடைக்குழுவுல சேரணும்னா வந்திருக்கீங்க? யாரு காட்டுனா என் வீட்டை? நோட்டீஸா? குடுங்க பாப்போம். ஆமா, 'அமைப்பாளர்: ஆ. ஆழ்வாரப்பன், உடற்பயிற்சி ஆசிரியர், ஓய்வு.' நான்தான். ஆனா இது பழைய நோட்டீஸ் தம்பி. ஆளை மாத்தி ஆறு நாள் ஆவுது, ஒட்டுன நோட்டீஸைக் கிழிக்கத் துப்பில்ல அவங்களுக்கு. நீங்க தெரு மாறி வந்துட்டீங்க. ரெண்டு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் பின்னால, கிரேஸ் பாக்கியம்னு ரிட்டையர்டு நர்ஸ் இருக்காங்க. அந்தம்மாதான் இப்ப எல்லாம். போங்க.

இல்ல, இருங்க. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. அங்க போனா அந்தம்மா ஒரு கதை சொல்லும். முப்பது பேரைக் கேட்டாலும் முப்பது பேரும் அதே கதையைத்தான் சொல்லுவாங்க, பேசி வச்சிருக்காங்க. நடந்தது என்னன்னு என்கிட்டயும் கேட்டுட்டுப் போங்க. உங்களுக்கு என்ன, சுகரா? டாக்டர் நடக்கச் சொன்னாரா? அதான பாத்தேன்.

ஏழு வருஷம் தம்பி. என் வீட்டுக்காரி போய்ச் சேந்த மூணாம் மாசம் ஆரம்பிச்சேன். முதல்ல நாலு பேரு. மைதானத்தைச் சுத்திச் சுத்தி வந்தோம், செக்குமாடு மாதிரி. நான்தான் சொன்னேன், இது என்ன நடை, ஊர் ஊராப் போவோம்னு. வாரம் ஒரு கிராமம். ஊரைச் சுத்தி இருக்க வண்டிப்பாதை, வாய்க்கா வரப்பு, ஒத்தையடிப்பாதை, அதுல மட்டுந்தான் நடக்கணும். தார் ரோட்டுல கால் படக்கூடாது. அதுதான் சட்டம். ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்காலுக்கு வேன் கிளம்பிரும். அஞ்சு அம்பதுக்கு ஓடி வந்தா ஏத்த மாட்டேன், கலெக்டரா இருந்தாலும் சரி. ஒருத்தர் பின்னால ஒருத்தர் வரிசையா வரணும். நான் முன்னால. ஒரு விசில் அடிச்சா நிக்கணும், ரெண்டு விசில் அடிச்சா நடக்கணும். ஏழு வருஷத்துல ஒருத்தருக்குக் காலு பிசகுனதில்ல. அதை எவனாவது சொல்லுதானா? சொல்ல மாட்டான்.

போன ஞாயிறு இல்ல, அதுக்கு முந்தின ஞாயிறு நொச்சிப்பத்துக்குப் போனோம். குளத்துப் பாசனம் உள்ள ஊரு. போன மழை ஏமாத்திட்டுல்லா, குளத்துல தண்ணி இடுப்பளவுகூட இல்ல. நல்ல பாதை. குளத்தங்கரையில ஏறி, வாய்க்கா வரப்போட மேற்க போனா சட்டிப்பாறைன்னு ஒரு பாறை, அங்க இட்லி. திரும்பி அதே வழி. நான் முந்தின வாரமே தனியாப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். பாக்காம எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.

ஏழு மணி இருக்கும். வரப்புல ஓரிடத்துல வாமடை. வாமடைன்னா தெரியுமா? வாய்க்கால்ல இருந்து வயலுக்குத் தண்ணி போகறதுக்கு வரப்பை வெட்டி வாய் விட்டிருப்பாங்க. நான் முன்னாடி வந்தப்ப அது அடைச்சுக் கிடந்தது. அன்னைக்குத் தொறந்து தண்ணி போய்க்கிட்டு இருக்கு. ஓரமெல்லாம் கரைஞ்சு ஒரே சேறு. ஒரு எட்டு தாண்டணும், அவ்வளவுதான். நான் தாண்டிட்டேன். பின்னால தாணுலிங்கம் சம்சாரம், வெள்ளை ஷூ, மகன் துபாய்ல இருந்து வாங்கிட்டு வந்ததாம். நின்னுட்டாங்க. சார், வழுக்குமேங்காங்க. அவங்க நின்னா பின்னால இருபத்தெட்டு பேரும் நிக்கணும்லா?

பக்கத்துலயே ஒரு கிழிஞ்ச சாக்கு கிடந்தது. நாலு மண்ணாங்கட்டி கிடந்தது. அது எதுக்குக் கிடக்கு? அடைக்கத்தானே? பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, நானே சேத்துல இறங்கி, சாக்கைத் திணிச்சு, கட்டியை வச்சு மிதிச்சேன். அறுபத்தாறு வயசு எனக்கு. எவனாவது கை குடுத்தானா? பாத்துக்கிட்டு நின்னான். அந்தக் கிரேஸம்மா மட்டும், 'சார், யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு...'ன்னு இழுத்துச்சு. யார்கிட்ட கேக்க? சுத்திப் பாத்தா ஒரு ஈ காக்கை இல்ல. ரெண்டு விசில் அடிச்சேன். முப்பது பேரும் காலு நனையாம கடந்தாங்க.

கடந்த பிறவு அந்தம்மா மறுபடி வருது. 'தொறந்து விட்டுரலாமா சார்?' நான் சொன்னேன், இதே வழியாத்தானம்மா திரும்பி வரப் போறோம், அப்ப மறுபடி அடைக்கணும், எதுக்கு ரெண்டு வேலைன்னு. இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க. யோசிச்சுப் பாக்குத ஒருத்தனுக்கு இதுதான தோணும்?

பாறையில இட்லி தின்னோம். நல்ல காத்து. வழக்கமா அங்கன வச்சு நான் பத்து நிமிஷம் பேசுவேன். அன்னைக்கு விவசாயத்தைப் பத்திப் பேசுனேன். அவங்க சேத்துல கால் வச்சாத்தான் நாம சோத்துல கை வைக்க முடியும், நம்ம பிள்ளைகளுக்கு அந்த மரியாதை தெரியலன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. தாணுலிங்கம் வீடியோகூட எடுத்தான். அந்த வீடியோவை இப்பக் கேட்டா தர மாட்டேங்கான்.

திரும்பி வாரோம். மணி ஒம்பதரை. அந்த வாமடைப் பக்கத்துல ஒரு பொம்பளை நிக்கா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெலிஞ்ச உடம்பு, தலையில துண்டைக் கட்டி, கையில மம்பட்டி. கூட ஒரு கிழவன், கையில வாட்ச் கட்டியிருக்கான். அவன்தான் அந்த ஊர் நீர்பாய்ச்சி, யாருக்கு எப்பத் தண்ணின்னு பாத்துத் திருப்பி விடுற ஆளு. பேரு சொரிமுத்து. அவ பேரு ஆவுடையம்மா. இதெல்லாம் பின்னால தெரிஞ்சது.

"யாரு மடைய அடைச்சது?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. அவ பைய கேக்கா. முப்பது பேரும் தரையைப் பாக்காங்க. நான் ஒளியுற ஆளில்ல. "நான்தான். முப்பது பேர் கடக்கணும்லா"ன்னேன்.

"கடந்த பிறவு தொறந்து விட்டிருக்கலாம்லா?"

"அதுக்கென்ன, இப்பத் தொறந்துக்கிடுங்க."

கிழவன் வாட்சைக் காட்டுதான். "ஒம்பது மணிக்கு முறை மாறிட்டு சார். ஆறுலேர்ந்து ஒம்பது வரைக்கும்தான் இந்தம்மாவுக்குத் தண்ணி. இப்ப அடுத்த வயல்காரனுக்கு. இனி இவங்களுக்குப் பதினோராம் நாள்தான்."

"சரி, அடுத்தவன்கிட்டச் சொல்லி ஒரு அரை மணி நேரம் கூட்டிக் குடுங்க. என்ன குறைஞ்சா போவும்?"

"அவன் வயலும் வெடிச்சுத்தான் கிடக்கு. அவன்கிட்டப் போய் எந்த முகத்தோட கேக்க?"

அந்தப் பொம்பளை வயலைக் காட்டுதா. மேல்பக்கம் ஈரம் இருக்கு. பாதிக்குக் கீழ ஒண்ணுமில்ல, வெடிப்புல கை போவும். "கதிர் வெளிய வார நேரம் சார். இந்தத் தண்ணிக்குத்தான் பத்து நாளாக் காத்துக் கிடந்தேன். அஞ்சு மணிக்கே வந்து நின்னு திருப்பி விட்டுட்டு, ஆறரைக்குக் களையெடுக்கக் கூலிக்குப் போனேன். நீங்க ஒரு மணி நேரத்துலயே அடைச்சுட்டுப் போயிட்டீங்க. மிச்சத் தண்ணியெல்லாம் வாய்க்காலோட ஓடைக்குப் போயிட்டு."

நான் கேட்டேன். நியாயமாத்தான் கேட்டேன். "அவ்வளவு உசுரான தண்ணின்னா விட்டுட்டு ஏம்மா போனீங்க? காவலுக்கு நிக்கணும்லா?"

அதுக்கு அவ சொல்லுதா, "எங்க ஊர்ல மடைக்குக் காவல் கிடையாது சார். முறை ஓடும்போது அடுத்தவங்க மடையில ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. பேச்சுவார்த்தை இல்லாத சண்டைக்காரங்ககூட வைக்க மாட்டாங்க."

பாத்தீங்களா? முப்பது பேர் முன்னால! அவ ஊர் சண்டைக்காரனைவிட நான் மோசமாம். எனக்கு உடம்பெல்லாம் எரியுது. முப்பத்தெட்டு வருஷம் வாத்தியாரா இருந்தவன்ம்மா நான், என்கிட்ட படிச்சவன் எஸ்.பி.யா இருக்கான், ஒரு மண்ணாங்கட்டிக்கு என்னைக் கூண்டுல ஏத்துதியான்னு கத்திட்டேன். ஆமா, ஒருமையில பேசுனேன். வாயில வந்துட்டு. அவ மம்பட்டியை ஊனிக்கிட்டு நிக்கா. அதான் எனக்கு இன்னும் கோவம் ஏறிட்டு. ரெண்டு திட்டுத் திட்டுனா நானும் ரெண்டு பேசி அதோட முடிஞ்சிருக்கும்.

அப்ப இந்தக் கிரேஸ் பாக்கியம் வரிசையை விட்டு முன்னால வருது. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "மன்னிச்சிருங்கம்மா, தப்பு எங்க மேல..."ன்னு ஆரம்பிக்குது. எங்க மேலயாம்! யாரைக் கேட்டு? தலைவன் நான் ஒருத்தன் நிக்கேன்லா? சொல்லி முடிக்கல, விசிலை எடுத்து ஊதிட்டேன். ரெண்டு விசில். நடக்கணும்னு அர்த்தம்.

ஒருத்தரும் நடக்கல தம்பி.

மறுபடி ஊதுனேன். ஏழு வருஷத்துல முதல் தடவை, என் விசிலுக்கு ஒரு காலு அசையல. தாணுலிங்கம் சம்சாரம் அந்த வெள்ளை ஷூவைக் கழத்திக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குது, இப்பக் கழத்தி என்ன பிரயோஜனம்? நான் தனியா நடந்து வேன்ல போய் உக்காந்துட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் வந்தாங்க. வழி நெடுக எல்லாரும் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தாங்க. வேன் டிரைவர்கூட ரேடியோவை அமத்திட்டான்.

அன்னைக்குச் சாயந்திரம் வாட்ஸ்அப்புல போடுதாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை முதல்ல நொச்சிப்பத்துக்குப் போறது. சார் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும். கேட்டா எப்பவும்போல சார்தான் தலைவர். இல்லேன்னா கிரேஸ் சிஸ்டர் நடத்தட்டும். எப்பிடி இருக்கு? நான் உண்டாக்குன குழு, எனக்கே நிபந்தனை. பதில் எழுதுனேன். மூணு நாள் எழுதுனேன். சட்டம், ஒழுங்கு, தலைமை, எல்லாம் எழுதுனேன். எல்லாத்துக்கும் நீலக்கலர் டிக் விழுது, ஒருத்தன் ஒரு எழுத்து திருப்பி எழுதல.

ஞாயித்துக்கிழமை வேன் வந்தது. அன்னா, அந்தத் தெருமுனையில நின்னுச்சு. நான் ஷூவெல்லாம் போட்டு, தொப்பி வச்சு, இந்த ஜன்னல்லதான் நிக்கேன். ஏறுனா நேரா அங்க கொண்டுபோய் நிறுத்திருவாங்க. ரெண்டு நிமிஷம் நின்னுச்சு. தாமதமா வந்தவங்களுக்கு நான் ரெண்டு நிமிஷம் நின்னதில்ல, எனக்கு நின்னாங்க. நான் இறங்கல. வேன் போயிட்டு. விடிஞ்சு போச்சு, எனக்குப் போக்கிடம் இல்ல. அதுக்காக அழவா முடியும்? மொட்டை மாடியில ஏறி நாப்பது சுத்து நடந்தேன். அட்மின்ல இருந்து அன்னைக்கே எடுத்துட்டாங்க. ஆனா குழுவுல இருக்கேன். ரோசப்பட்டு நானே வெளிய போயிருவேன்னு நினைச்சாங்க. போவேனா?

முந்தாநாள் வியாழக்கிழமை நான் தனியா நொச்சிப்பத்துக்குப் போனேன். எதுக்குன்னு கேளுங்க. மன்னிப்புக் கேக்கப் போவலை. அந்த வயலை ஒரு போட்டோ எடுத்து, பாருங்கடா, பயிர் பச்சைப் பசேர்னு நிக்கி, இதுக்கா இவ்வளவு கூத்துன்னு குழுவுல போடுறதுக்கு. பதினோராம் நாளா? ஆமா, எண்ணிப் பாத்தா பதினோராம் நாள்தான். அது எதேச்சையா அமைஞ்சது. அவ முறைக்கணக்கை எண்ணிக்கிட்டா இருக்கேன் நான்? ஆறு மணிக்குப் போய்ச் சேரணும்னு முதல் பஸ்ஸைப் பிடிச்சேன், வெயிலுக்கு முன்னால திரும்பிரலாம்னு.

போட்டோ சரியா விழல. வெயில் எதிர அடிச்சுது. மேல்பக்கம் பயிர் நல்லாத்தான் இருக்கு. கீழ்ப்பக்கம்... கதிர் பாதி வெளிய வந்து, பாதி தோகைக்குள்ள மாட்டி நிக்கி. நுனியெல்லாம் வெளுத்துப் போய். நான் கையில பிடிச்சுப் பாத்தேன், உள்ள ஒண்ணுமில்ல, சப்பட்டையா இருக்கு. எல்லாமும் அப்பிடி இல்ல. பாதி அப்பிடி. சரி, பாதிக்கு மேல.

அவ அங்கதான் நிக்கா, வாமடைகிட்ட. தொறந்து விட்டிருக்கா. என்னை அவளுக்கு அடையாளம் தெரியல. தொப்பி வைக்காமப் போயிருந்தேன்லா. "என்ன சார், இன்னைக்குத் தனியாவா வந்தீங்க?"ன்னா. தனியா வந்த ஆளைப் பாத்தா யாரும் அப்பிடித்தான கேப்பாங்க? ஆமான்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொல்லுதா, "மேல தலைமடையில குப்பை அடைச்சிருக்கும் போல, தண்ணி மட்டா வருது. போய்ப் பாத்துட்டு வரணும். இதை விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு. முன்னெல்லாம் காவல் கிடையாது சார், இப்ப எல்லாரும் நிக்கோம். நீங்க செத்த நேரம் நின்னு பாத்துக்கிடுதீங்களா?" சரின்னேன். என்ன சொல்ல? "மடையில கை வைக்க வேண்டாம், சும்மா நின்னாப் போதும். யாரும் வந்தா ஒரு விசில் குடுங்க, ஓடி வந்துருதேன்"னுட்டு மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா. விசில் எனக்குப் பைக்குள்ளதான் கிடந்தது, அவளுக்கு எப்பிடித் தெரியும்? சும்மா வாய்ல அடிக்கிற விசிலைச் சொல்லியிருப்பா.

ஒரு மணி நேரம் நின்னேன். தண்ணி உள்ள போகுது, போகுது, அந்த வெடிப்பெல்லாம் குடிக்கி. ஒரு வெடிப்பு நிறைஞ்சு அடுத்ததுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுது தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. நான் வாத்தியார், எனக்கு எப்பிடித் தெரியும்? வரப்போட நாலு ஆடு வந்தது, கத்தி விரட்டுனேன். ஒருத்தன் சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தான், சுத்திப் போடா, தண்ணி முறை ஓடுது, கண்ணு தெரியலையான்னு சத்தம் போட்டேன். அவன் என்னைக் கோட்டிக்காரனைப் பாக்குத மாதிரி பாத்துட்டுச் சுத்திப் போனான்.

அவ வந்தா. தண்ணி இப்ப நல்லா வேகமா வருது. குனிஞ்சு மடையைப் பாத்தா, என்னைப் பாத்தா. பாத்துக்கிட்டே நிக்கா. ஏதோ நான் பேசுவேன்கிற மாதிரி. மணி ஏழேகால். சுத்தி ஒரு ஆளு கிடையாது. எனக்கும் ஒரு வார்த்தை வந்தது. வரலைன்னு சொல்ல மாட்டேன், இங்க, தொண்டை வரைக்கும் வந்தது.

முப்பத்தெட்டு வருஷம் தம்பி. எத்தனை பயலுகளைக் கொடிமரத்தடியில நிறுத்தி, மன்னிச்சிருங்கன்னு சொல்லுலே, சத்தமாச் சொல்லு, கடைசி வரிசைக்குக் கேக்கலன்னு சொல்ல வச்சிருக்கேன். பத்து வயசுப் பய சொல்லுவான். அழுதுகிட்டே சொல்லிட்டுப் போய் வரிசையில நிப்பான். எனக்கு வரல. "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். "சரி சார், பாத்துப் போங்க, வரப்பு வழுக்கும்"னா. வந்துட்டேன்.

இதுல நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு அவ வயலுக்குக் காவல் காத்திருக்கேன், அதை வாட்ஸ்அப்புல போட்டேனா? போடல. நான் அப்பிடிப்பட்ட ஆளில்ல. கிரேஸ் பாக்கியமா இருந்தா நாலு போட்டோ எடுத்துப் போட்டிருக்கும். நாளைக்கும் நொச்சிப்பத்துக்குத்தான் போறாங்களாம், வாய்க்கால்ல மண்டியிருக்க செடியை எல்லாரும் சேந்து வெட்டப் போறாங்களாம். கேட்டீங்களா கூத்தை? நடைக்குழுவா அது, இல்ல பஞ்சாயத்து வேலைக்குப் போற கூட்டமா? நடக்கதுக்குன்னு வந்த உங்களையும் மம்பட்டியைக் குடுத்துச் சேத்துல இறக்கப் போறாங்க. போய்ப் பாருங்க, அப்பத் தெரியும்.

சரி, கிளம்புங்க. சர்ச்சுக்குப் பின்னால ரெண்டாவது வீடு, பச்சைக் கேட்டு. அஞ்சே முக்காலுக்கு வேன் நிக்கும், அந்தம்மா ஆறு மணி வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கும், அதுக்கு நேரங்காலம் கிடையாது.

தம்பி, இங்க வாங்க. அந்த வயல் உங்களுக்கு எப்பிடித் தெரியும்னா, குளத்தங்கரையை விட்டு இறங்குனதும் மூணாவது வாமடை. கீழ்ப்பக்கம் அந்த மூலை வரைக்கும் தண்ணி எட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க. கதிரு ஏதாவது வெளிய தள்ளியிருக்கான்னும் பாருங்க. அவகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம், நான் சொல்லிவிட்டேன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நாளைக்குச் சாயந்திரம் வந்து எனக்குச் சொல்லுங்க. நான் வீட்டுலதான் இருப்பேன்.